டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம்

ஈசூன், சிங்கப்பூர்
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். சிவப்பு மூடி டப்பாவில் நண்டு வறுவல் இருக்கிறது, பாட்டிலில் பருப்புப் பொடி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாம் அப்படியேதான். முட்டி வலி இருக்கிறது. நாட்டுக்கு 60 வயது என்று அரசாங்கம் கொடுத்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு 800 வெள்ளியில் பாதியைக்கூட நான் இன்னும் தொடவில்லை. உங்கள் வீட்டுக்கு அரிசி, எண்ணெய் ஏதாவது வேண்டுமென்றால் சொல், இங்கிருந்து வாங்கி வைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தேக்காவிலிருந்து பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தாயே. லீவு என்று சொன்னாய். சரி, லீவுதான். ஆனால் உன் பை ஜிப்பில் ஆபீஸ் பாஸின் நீலக் கயிறு எப்போதும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். குட்டி அதைப் பிடித்து இழுத்து உன்னிடம் திட்டு வாங்குவாள். அன்றைக்கு அவள் இழுக்கவில்லை, இழுக்கக் கயிறு இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

1-ஆம் தேதி 400 வெள்ளி வந்துவிட்டது. ஒரு நாள் முன்னே பின்னே ஆகவில்லை. அது வராமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தீபாவளிக்கு எனக்கும் மருமகளுக்கும் சேலை, குட்டிக்குப் பட்டுப் பாவாடை எல்லாம் எடுத்துவிட்டு, நீ போன வருஷ ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். "இதுவே புதுசு மாதிரிதாம்மா இருக்கு" என்றாய். காலர் மடிப்பில் நூல் பிரிந்திருந்தது. பெற்றவள் கண்ணில் அதுகூடப் படாதா?

எட்டாம் மாடிக்கார அம்மாவின் மகனுக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. சொல்லும்போது அந்த அம்மா அழவே இல்லை, எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏப்ரலில் தொடங்கினார்களே, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், அதில் அவன் மனு போட்டிருக்கிறான். முதல் மாதம் 1,500 வெள்ளி வரை கிடைக்குமாம், அடுத்து 1,250, அப்புறம் 1,000, பிறகு மூன்று மாதம் 750. மொத்தம் 6,000. முன்னால் வாங்கிய சம்பளம் சராசரி 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டுமாம். சும்மா ஊர்க்கதை சொல்கிறேன், உனக்காக இல்லை. ஆனால் 2020-இல் 25 வயது ஆனவர்களுக்கெல்லாம் கூடுதலாகப் போட்டார்களே, வகுப்புக் கட்டணத்துக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி, அது இந்த டிசம்பர் 31-உடன் காலாவதி ஆகிவிடும். அதை ஏதாவது வகுப்பில் போட்டுவிடு.

இதையெல்லாம் சொல்வதற்காக நான் உட்காரவில்லை. மருமகள் போனில் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வருகிற ஜனவரியில் நீ வகுப்புக்குப் போகப்போவதில்லையாமே? ஒரு பருவம் விட்டுப் பிடிக்கலாம் என்று இருக்கிறாயாமே? அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலையில் இருந்துகொண்டு சமூகப் பணி படிக்கப் போகிறேன் என்றபோது முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான். சம்பளம் குறையுமே என்றேன். அப்பா டயாலிசிஸுக்குப் போன மூன்று வருஷமும் பக்கத்து நாற்காலித் தாத்தாக்களிடமெல்லாம் உட்கார்ந்து கதை கேட்டவன் நீ. அதில் ஒருவர் தன் மகனிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொல்லி அழுதார். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இப்போது பெருமைப்படுகிறேன், ஆனால் உன்னிடம் சொன்னதில்லை. வாரம் மூன்று ராத்திரி கிளமெண்டி ரோட்டில் வகுப்புக்குப் போய்விட்டுப் பதினொன்றரைக்கு வீடு திரும்பிச் சோற்றைக்கூடச் சூடு பண்ணாமல் சாப்பிடுகிறாய். அதற்குத் திட்டத்தான் திட்டுவேன். படிப்பை விடு என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இல்லை.

உனக்கு அப்போது தொடக்கநிலை மூன்று. 1998. அப்பாவின் தொழிற்சாலையில் ஹார்ட் டிஸ்க் லைன் ஒன்றை மூடினார்கள், அவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாலை வகுப்பில் அவருக்கு இன்னும் இரண்டே பருவம் பாக்கி. வேலை போனால் என்ன, இப்போதுதான் படிக்க நேரம் இருக்கிறது என்று ஹாலில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கடன் சேமநிதியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவர் கணக்கில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. 1999 ஜனவரியிலிருந்து முதலாளி போடும் பங்கு 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகப் போகிறது என்று வேறு சொல்லிவிட்டார்கள். என் கணக்கிலும் குறையும். துண்டு விழுவதைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். நான் கரண்டியோடு வந்து நின்று, "படித்துக் கிழித்தது போதும்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நீ மேசைக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாய்.

அடுத்த வாரமே அவர் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி ஒன்றில் ராத்திரிக் காவல் வேலை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைன், காஸ் எல்லாம் போடுகிற கால்குலேட்டர் வாங்கி வைத்திருந்தாரே, அதில் கடைசிவரை கரண்டு பில்லைத்தான் கூட்டிப் பார்த்தார்.

எனக்குக் கல்யாணமான புதிதில், 1986-இல், சேமநிதிக்கு முதலாளி போடும் அந்தப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகவே குறைத்தார்கள். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. அப்புறம் சார்ஸ் வந்தது, 2009 பொருளாதார மந்தம் வந்தது, கோவிட் வந்தது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்கிற மாதிரித்தான் பேசினார்கள். 1998-இல் நான் அப்படி ஆடினேன், 2000-இலேயே நிலைமை சுதாரித்துக்கொண்டது. ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம். அப்பா ராத்திரி வேலை முடிந்து வந்து அதே பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதற்குள் படிப்பை முடித்திருப்பார்.

காசு கஷ்டம் என்றால் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்பதை மேசைக்கு அடியில் இருந்த உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தானே. அப்புறம் உன்னை ஏன் சொல்லவில்லை என்று எப்படிக் கேட்பேன்?

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். ஜூலையிலிருந்து நீ போட்ட 400 வெள்ளியை நான் எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு 2,000 ஆகிவிட்டது. ஜனவரிப் பருவத்துக்கு எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று மட்டும் மெசேஜ் போடு. தேதி மட்டும் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம்.

500 வெள்ளி விஷயம் மறக்காதே, டிசம்பர் 31. நண்டை இன்றைக்கே சாப்பிட்டுவிடு, குட்டிக்கு ஓட்டை உடைத்துக் கொடு. டப்பாவைக் கொண்டுவரும்போது மூடியையும் சேர்த்துக் கொண்டுவா. போன தடவை மூடி வரவில்லை.

அம்மா