அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது?

மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் நகரமைப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒரு லேஅவுட் வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால் சாலையின் அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், வடிகால் எல்லாவற்றையும் சரிபார்க்கிறீர்கள். அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது என்பதையும் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நகரம் வெளியே பரவும்போது நிலம் துண்டு துண்டாகத்தான் மனையாகிறது. எல்லைவரை சாலையைக் கொண்டுபோனால் விற்பதற்கு ஒரு மனை குறையும். அதனால் மனை போடுபவர் அதை முட்டுச்சந்தாக முடித்துவிடுகிறார். தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. பக்கத்து நிலமும், அதற்கடுத்ததும் அப்படியே வந்தபிறகுதான் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் போக, இருக்கும் ஒரே வாசலில் வெளியே வந்து, பிரதான சாலையைச் சுற்றி, இன்னொரு வாசலில் நுழைய வேண்டும். நடக்கிற தூரத்துக்கு வண்டி எடுக்கிறார்கள். எல்லா வண்டியும் அதே பிரதான சாலையில் வந்து விழுகிறது. அப்புறம் அதை அகலப்படுத்தப் பணம் தேடுகிறீர்கள்.

கட்டடத்தை இடித்துக் கட்டிவிடலாம். தெரு லேசில் மாறாது. 1666 தீயில் லண்டன் நகரின் பெரும்பகுதி அழிந்தது. புதிய தெருத் திட்டங்கள் வரைந்தும்கூட, ஊர் பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே எழுந்தது.

ஆனால் போக்கைத் திருப்ப முடியும். அமெரிக்காவில் புதிய தெருக்களின் இணைப்பு பல பத்தாண்டுகளாகக் குறைந்து, 1990களின் நடுவிலிருந்து மீண்டும் கூடத் தொடங்கியதாக பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வர்ஜீனியா மாநிலம் 2009இல் ஒரு விதி கொண்டுவந்தது: புதிய குடியிருப்புத் தெருவை அரசு பராமரிக்க வேண்டுமானால், அது அக்கம்பக்கத்தோடு இணைந்திருக்க வேண்டும். பராமரிப்புச் செலவு யார் தலையில் என்று கேட்டாலே பாதி வரைபடங்கள் திருந்திவிடும் என்பது என் எண்ணம்.

குறுக்கே புகும் வண்டிகள் வேண்டாம் என்று குடியிருப்போர் சொல்வார்கள். நியாயம்தான். கழற்றக்கூடிய கம்பங்களை நட்டு, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழிவிட்டால் போதும். அவசரத்துக்கு ஆம்புலன்சும் வரலாம்.

எதிரே வெறும் நிலமாக இருந்தாலும் சாலையை எல்லைவரை போடச் சொல்லுங்கள். 'இந்தச் சாலை பின்னாளில் நீட்டிக்கப்படும்' என்று அந்த முனையில் ஒரு பலகையும் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், பிறகு இணைக்கப் போகும்போது அங்கே வீடு வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாமல் விட்டது நீங்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இப்படிக்கு,
ஒரு நகரவாசி