தண்ணீர் மணியும் ஆணியில் தொங்கும் சாவியும்

அன்புள்ள சரசுவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் மூட்டு அறுவை முடிந்து வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதி. மாவடு போட்டதாக எழுதியிருந்தாய். எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் ஒரு சின்ன பாட்டில் எடுத்து வை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் தங்கை பேரனுக்குக் காலையில் இரண்டு இமையும் வீங்கியிருக்கிறது, மாலைக்குள் வடிந்துவிடுகிறது, கொசுக்கடி என்று களிம்பு தடவுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். எந்தக் கொசு இரண்டு வாரமாக இரண்டு இமையையும் ஒரே அளவாகக் கடிக்கும்? நாளைக்கே பையனின் காலைச் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல். நான் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சோதனைக் குழாயில் ஊற்றி, மேல்பாதியை மட்டும் நெருப்பில் காட்டி, இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டுப் பார்ப்போம். புரதம் ஒழுகுகிற பிள்ளையின் சிறுநீர், வெந்த முட்டை வெள்ளைக்கருபோலத் திரைந்து நிற்கும். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிற இந்த நோயை நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் நான்கு வாரத்துக்குள் புரதம் நின்றுவிடும். சளி, காய்ச்சல் வந்தால் மறுபடி தலைகாட்டும், வயது ஏற ஏற விட்டுப்போகும். மாத்திரையை மட்டும் வீக்கம் வடிந்தது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. ஒரு தாய், படிக்கத் தெரியாதவள், தினமும் காலையில் அடுப்பில் குழாயைக் காட்டிப் பார்த்து, திரைந்த நாளில் காலண்டரில் கரிக்கட்டியால் கோடு இழுத்து வைத்திருப்பாள். எங்கள் பதிவேட்டைவிட அது சுத்தமாக இருக்கும்.

சரி, இனி என் கதை. கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

34 ஆண்டுகள் பிள்ளைகளின் சிறுநீரைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் ஏறி ஏறி வருகிறதா, முதலில் யூரின் எடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். கைக்குழந்தைக்குக் காய்ச்சலும் வாந்தியும் மட்டும்தான் இருக்கும், எரிகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று தாயத்துக் கட்டி, பத்து நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் என் பேத்திக்கு 103 டிகிரி காய்ச்சல் குளிரோடு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சூடு பிடித்துக்கொண்டது என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி, பார்லித் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் விலாவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

சிறுநீர் மாதிரியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுத்த மறுநாள், என்னிடம் வேலை கற்ற பெண் போனில் சொன்னாள், "அக்கா, தட்டு முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கிறது." கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றும் மெக்காங்கி அகார் என்ற கூழில் அந்த நிறம் என்றால் பெரும்பாலும் ஈ.கோலை. நம் குடலில் குடியிருக்கிற கிருமிதான், சிறுநீர்ப் பாதைக்கு ஏறினால் எதிரி. பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை குட்டை என்பதால் அதற்குப் பயணம் சுலபம். சொல்ல மறந்துவிட்டேன், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க, மருந்து தோய்த்த வட்ட வில்லைகளை அந்தத் தட்டில் வைப்போம் அல்லவா, நான் சேர்ந்த காலத்தில் வில்லையைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவுக்குத் தெளிந்த வளையம் விழும். இப்போது பல மருந்துகளுக்கு வளையமே இல்லை. கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் தின்று நிறுத்தியதன் பலன்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். காய்ச்சலைப் பற்றி அவள் அதிகம் கேட்கவில்லை. "பாப்பாவுக்கு மலம் எப்படிப் போகிறது? பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள்?" என்று கேட்டாள். மருமகள் என்னைப் பார்த்தாள், நான் மருமகளைப் பார்த்தேன். பேத்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "போகவே மாட்டேன்."

காலை எட்டு மணிக்கு வேனில் ஏறுகிற குழந்தை, நாலரை மணிக்கு வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறாள். எட்டரை மணி நேரம், சரசு. ஏழு வயதுப் பிள்ளையின் மூத்திரப்பை கொள்வது ஏறக்குறைய கால் லிட்டர். உள்தாழ்ப்பாள் இல்லை, நாற்றம், பாட நேரத்தில் கேட்டால் டீச்சர் திட்டுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணீர் குடித்தால் வரும் என்பதால் பாட்டிலை முழுசாகவே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். தொட்டியில் நான்தான் அதைக் கொட்டியிருக்கிறேன், ஒரு கேள்வி கேட்காமல்.

இன்னொன்று. டிவி பார்க்கும்போது திடீரென்று குத்துக்காலிட்டு, ஒரு குதிகாலை அடியில் அழுத்தி அசையாமல் உட்காருவாள். சாமி கும்பிடுகிறாளா என்று கேலி செய்திருக்கிறேன். அடக்கி அடக்கி மூத்திரப்பை கட்டுக்கடங்காமல் துடிக்கும்போது பெண் பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்களாம். வின்சென்ட் என்றொரு மருத்துவர் 1966-இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். உள்ளாடை ஈரமாக இருக்கிறது என்று மருமகள் சொன்னபோதெல்லாம், விளையாட்டுப் புத்தி என்று குழந்தையைத்தான் அதட்டினோம்.

ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருந்தன. மூத்திரப்பைச் சுவர் மட்டும் சற்றுத் தடித்திருக்கிறது, போன பிறகும் உள்ளே மிச்சம் தங்குகிறது. மலச்சிக்கல் வேறு, நிறைந்த குடல் பக்கத்திலிருந்து பையை அழுத்துகிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகாமல் என்ன செய்யும்? சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்க் குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் ஒருவழிக் கதவுபோன்ற வால்வு சரியாக மூடாது. கீழே போக வேண்டியது மேலே திரும்பி, கிருமியையும் சிறுநீரகத்துக்கு ஏற்றிவிடும். அங்கே தழும்பு விழுந்தால் பிற்காலத்தில் ரத்த அழுத்தம்வரை இழுத்துப்போகும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். கருவிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதுவரை போகவில்லை. மருந்து பத்து நாள், மலம் இளக ஒரு மருந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை, காலுக்கு முக்காலி, அவசரப்படாமல் உட்கார்ந்து முழுதும் போக வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் உண்டு. போன கடிதத்தில் நீ பெருமையாக எழுதியிருந்தாய், உன் பள்ளியில் கழிப்பறை பளிச்சென்று இருக்கிறது, சாவி உன் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, இடைவேளைக்கு மட்டும் திறப்போம் என்று. அன்று நானும் மெச்சினேன். இப்போது அந்த ஆணி என் கண்ணிலேயே நிற்கிறது. தலைமையாசிரியை அறைக்கு வந்து, பெரிய பையன்கள் பார்க்க, சாவி கேட்கிற இரண்டாம் வகுப்புப் பெண் உண்டா? நீ கேட்டிருப்பாயா?

பெருக்க ஆள் கிடைப்பதில்லை, இரவில் வெளியாட்கள் வந்து நாசம் செய்கிறார்கள் என்பாய். எனக்குத் தெரியும், உன்மேல் பழி இல்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டி அடிக்கிற, கேரளப் பள்ளிகளில் 2019-இல் தொடங்கிய தண்ணீர் மணி இப்போது நம் பக்கமும் அடிக்கிறது. நல்ல காரியம். ஆனால் குடிக்க மணி அடித்துவிட்டு, போகிற கதவைப் பூட்டி வைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இரவில் பூட்டிக்கொள். காலை மணியிலிருந்து மாலை மணிவரை திறந்திருக்கட்டும். ஒவ்வொரு கதவுக்கும் சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடு, செலவை நான் அனுப்புகிறேன். பாடத்தின் நடுவே விரல் தூக்கினால் மறுக்காதீர்கள் என்று மற்ற டீச்சர்களிடமும் சொல். ஓய்வுபெற உனக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன, அதற்குள் செய்துவிடு.

நம் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையே கிடையாது. மதில் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் நான் போக நீ காவல் நிற்பாய், நீ போக நான் நிற்பேன். முள் குத்தி உன் பாவாடை கிழிந்த அன்று இருவரும் அழுததும் ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள்கூட நீ என்னை அடக்கிக்கொள்ளச் சொன்னதில்லை.

பேத்தி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை போய்வந்ததும் ஒரு நட்சத்திரம். பள்ளியில் மகன் போய்ப் பேசியதில் தாழ்ப்பாள் வந்துவிட்டது, நாற்றம் அப்படியே இருக்கிறதாம். நேற்று என் பெயரையும் நோட்டில் சேர்த்து, "பாட்டி: இரண்டு தடவைதான்" என்று எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாள்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ராஜம்