திராட்சை ஒயினும் சாராய ஊறலும் ஒன்றா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் இரண்டு ஜாடி ஒயின் வைத்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. அதற்குத் தலைப்பு ‘சாராய ஊறல் சிக்கியது’. ஊறல் என்றால் சாராயம் காய்ச்சுவதற்காகப் புளிக்கவைக்கும் கலவை. குன்னூரில் 43 ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். அந்தத் தலைப்பு என்னை மிகவும் வருத்திவிட்டது.

என் மாமியார் எஸ்டேட் பங்களா சமையலறையில் வேலை பார்த்தபோது ஒயின் போடக் கற்றுக்கொண்டவர். நவம்பர் முதல் வாரத்தில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்குவார். கம்பத்துப் பழமா என்று கேட்டுத்தான் பையை நீட்டுவார். (அந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.) மூன்று கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, வெள்ளை வேட்டியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கையாலேயே பிசைவார். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசந்துவிடும் என்பார். இரண்டு கிலோ சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நான்கு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஒரு சிறு கரண்டி ஈஸ்ட். அவ்வளவுதான் சேர்மானம். எல்லாம் ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடிக்குள் போகும். ஜாடியின் வாயை மெல்லிய துணியால்தான் கட்டவேண்டும். இறுக்கி மூடினால் உள்ளே உண்டாகும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லாமல் ஜாடியே வெடித்துவிடும். மறுநாள் அதன்மேல் காதை வைத்தால் தூறல் விழுவது போல ஓசை கேட்கும். “உயிர் வந்துவிட்டது” என்று முகம் மலர்வார். காலையும் மாலையும் மரக்கரண்டியால் கிளறி, 21 நாள் கழித்து வடிகட்டி, இன்னொரு 21 நாள் தெளியவிட்டு, கசடு கலங்காமல் சாய்த்து ஊற்றினால் கிறிஸ்துமஸுக்குச் சரியாக இருக்கும். கேக்குடன் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். அதற்குமேல் கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அந்த ஜாடியையும் கள்ளக்குறிச்சியையும் ஒரே சொல்லால் குறிப்பது எப்படி நியாயமாகும்? 2024 ஜூனில் அங்கே 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது மெத்தனால் என்ற நச்சு கலந்த சாராயம். பழத்தைப் புளிக்கவைக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாக, அதாவது மதுவில் வழக்கமாக இருக்கும் ஆல்கஹாலாக மாற்றுகிறது. தோலிலுள்ள பெக்டின் என்ற பொருளால் மெத்தனாலும் இம்மியளவு சேரும். ஆளைக் கொல்லும் அளவுக்கு அல்ல. அந்தச் சாவுகளுக்குப் பிறகு தண்டனையை ஆயுள் சிறை வரை கடுமையாக்கியதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் வீட்டு ஜாடியும் 1937-ஆம் ஆண்டின் அதே மதுவிலக்குச் சட்டத்துக்குள்தான் வருகிறது. ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய காலத்துச் சட்டம் அது. இன்று மதுக்கடையை அரசே நடத்துகிறது. கிழவி ஒருத்தி திராட்சை பிசைந்தால் குற்றம். மாமியார் 2009-இல் காலமானபின் நான் ஒயின் போடவில்லை. அரசுச் சம்பளம் வாங்கிய எனக்குப் பயம்தான் காரணம்.

சுற்றுலாப் பயணிகளிடம் ‘ஹோம் மேட்’ என்று சொல்லி விற்பவர்களுக்காக நான் பேசவில்லை. ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் துளிக் கசடும் இல்லை, எசன்ஸ் வாசனைதான் மூக்கைத் துளைத்தது. அதைப் பிடிக்கட்டும்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பிளம்ஸ் மரங்கள் நிற்கின்றன. மே, ஜூனில் பழம் உதிர்ந்து தரையே சிவந்துவிடும். பறிகூலிக்குக்கூட விலை கிடைக்காததால் மண்வெட்டியால் அள்ளிக் குழியில் கொட்டுகிறோம். பக்கத்திலுள்ள கேரளம் பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு 2022-இல் விதிமுறை வகுத்துவிட்டது. தேவாலயப் பூசைக்கான ஒயினுக்கு நம் அரசும் உரிமம் தருகிறது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து லிட்டர், விற்பனைக்கு அல்ல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ஒரு விலக்கு அளித்தால் போதும். நீலகிரி சட்டமன்ற உறுப்பினர்கள் மூவரும் இதைச் சபையில் எழுப்ப வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிடிபட்டது பழமா, ஸ்பிரிட்டா என்று காவல் நிலையத்தில் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
குன்னூர்.