கச்சேரி வாசலில் காதடைப்பான்

மைதானங்களில் ராக் கச்சேரிகள் பெருகிவருவது பற்றிய தங்கள் செய்தியில் நெரிசல், டிக்கெட் விலை, வாகன நிறுத்தம் எல்லாம் இருந்தன. காது மட்டும் விடுபட்டுவிட்டது. இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. கோல்ட்ப்ளே குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டினே காது இரைச்சலோடு வாழ்வதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

கடந்த ஆண்டு நண்பனுடன் ஒரு மைதானக் கச்சேரிக்குப் போயிருந்தேன். ஸ்பீக்கர் கோபுரத்துக்கு நேர் எதிரே நின்றோம். டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம்! நண்பன் முதல் பாட்டுக்கு முன்பே மஞ்சள் நிற நுரை அடைப்பான்களை விரலால் உருட்டிக் காதில் செருகிக்கொண்டான், எனக்கும் நீட்டினான். பாட்டு சரியாகக் கேட்காதே என்று மறுத்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் என் காதில் விசில் சத்தம் ஓயவே இல்லை. அவனோ பாடல் வரிகள்கூடத் தெளிவாகக் கேட்டன என்றான்.

டிக்கெட் காட்டி உள்ளே நுழையும் இடத்திலேயே ஆளுக்கு ஒரு ஜோடி அடைப்பான் தர வேண்டும். சிறுவர்களுக்குக் காதுமூடி கட்டாயம் வேண்டும். மைதானத்துக்கு அனுமதி வழங்கும்போதே அரசு இதை நிபந்தனையாக்கலாம்.