ஜன்னலில் இருக்கிற பட்ஸ் டப்பா

அன்புத் தம்பிக்கு, அம்மா எழுதுவது.

அப்பா சுகம். மாடக்குளம் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. திருவிழாவுக்கு வந்துபோனவன், புனே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாய். வேலை இருக்கும், சரி.

நீ விட்டுப்போன பட்ஸ் டப்பா குளியலறை ஜன்னலில் இருக்கிறது. இருந்த நாலு நாளும் குளித்த ஈரத்தோடு கண்ணை மூடிக்கொண்டு காதைக் குடைந்தாய். பெருக்கும்போது ஒரு குச்சியின் நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது.

போன வாரம் அப்பாவுக்குக் காது அடைப்பென்று டாக்டரிடம் போனோம். காதுக் குறும்பி என்பது அழுக்கு இல்லையாம், காதுக்குக் காவலாம். நாம் மெல்லும்போது தாடை அசைய அசைய அது தானாக வெளியே வந்துவிடுமாம். குச்சியை விட்டால் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். ஈரத்தில் தோல் கீறினால் சீழ் வைக்கும், காளான்கூடப் பிடிக்கும். காதுத் துளை மொத்தமே ஒரு அங்குலம், அதன் கடைசியில் செவிப்பறை காகிதம் மாதிரி மெல்லிசு. குடையாதே தம்பி. வெளியே துண்டால் துடைத்தால் போதும்.

ஆபீசில் உனக்கு நல்ல பேர் என்று சித்தப்பா சொன்னார். கேட்கப் பெருமையாக இருந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மூன்று தடவை கூப்பிட்டும் நீ திரும்பவில்லை. கூட்டச் சத்தம் என்று நினைத்தேன். மறுநாள் வீட்டிலும் அப்படித்தான். போனையும் வலது காதுக்கே மாற்றிக்கொள்கிறாய். பட்ஸை மட்டும் தொடாதே.

நாலாவது படிக்கும்போது இடது காது வலிக்கிறதென்று அழுதாயே. குழிக்கரண்டியில் நல்லெண்ணெய் விட்டுப் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். ஆறிவிட்டதா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊற்றிவிட்டேன். துடித்துப்போனாய். மறுநாள் சீழ் வடிந்தது. அப்பா கேட்டபோது, கண்மாயில் குளித்தான் என்று சொல்லிவிட்டேன். புளிய விளாறால் உன்னை அடித்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. போன வாரம் அந்த டாக்டரிடம், காதில் எண்ணெய் ஊற்றலாமா என்று யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். கூடவே கூடாது என்றார்.

அங்கே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, இரண்டு காதும் எவ்வளவு கேட்கிறதென்று சோதிக்கச் சொல். பணம் அனுப்புகிறேன். சின்ன வயதில் என்ன நடந்தது என்று கேட்டால் கண்மாய்த் தண்ணீர் என்று சொல்லாதே. அம்மா எண்ணெய் ஊற்றினாள் என்று சொல்.

அம்மா