சீட்டில் பதிவு எண் எங்கே?

ஆசிரியருக்கு,

வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டுகள் பலவற்றில் டாக்டரின் பதிவு எண் இருப்பதில்லை. 2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி, மாநில அல்லது தேசிய மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே ஆன்லைனில் பார்க்கலாம். சீட்டு, கட்டண ரசீது, இணையதளம் எல்லாவற்றிலும் எண் வேண்டும். தமிழ்நாட்டு டாக்டர் பீகார் நோயாளியையும் பார்க்கலாம். தனி உரிமம் தேவையில்லை.

தவறு நடப்பது மருந்தில்தான். தோல் பூஞ்சைக்குப் போடும் க்ளோட்ரிமசோல் களிம்பைக்கூட முதல்முறை வீடியோவில் பார்த்த பிறகே எழுதலாம். வெறும் போன் பேச்சு போதாது. மார்ஃபின், கோடீன் போன்ற போதைத்தன்மையுள்ள மருந்துகளை ஆன்லைனில் எழுதவே கூடாது. வெறும் மெசேஜாகத் தட்டிய மருந்துப் பெயர் சீட்டே அல்ல. கையெழுத்திட்ட சீட்டின் படமாவது வேண்டும். கடைக்காரர்கள் இதைக் கேட்டு வாங்கலாமே!

– மருந்தாளுநர், திருச்சி