பெற்றோர் மனையில் இரண்டாவது வீடு: சேலம் மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர், துணை மேயர் அவர்களுக்கும், 60 கோட்டங்களின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெற்றோர் குடியிருக்கும் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மகனோ மகளோ ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ள விரும்பினால், நிலத்தைத் துண்டு போடாமலும் பெற்றோர் பெயரிலிருந்து மாற்றாமலும் அதைச் செய்துகொள்ள எளிய வழி ஒன்று வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கட்டட விதிகளை வகுப்பது மாநில அரசு என்பதை அறிவேன். ஆனாலும் மாமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு அனுப்பினால், தனி ஆள் போடும் மனுவுக்குக் கிடைக்காத மதிப்பு அதற்குக் கிடைக்கும்.

செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அழகாபுரம், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் பக்கங்களில் ஒரு தலைமுறைக்கு முன் எட்டு சென்ட், பத்து சென்ட் என்று மனை வாங்கி, முன்பக்கம் வீட்டைக் கட்டி, பின்பக்கத்தைக் கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் இரண்டு தென்னைக்கும் ஒரு மல்கோவா மரத்துக்கும் விட்டுவைத்த குடும்பங்களுக்குத்தான் இது பொருந்தும். எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான். இன்று அந்த வீடுகளில் எழுபதைத் தாண்டிய இருவர் இருக்கிறார்கள். பிள்ளைகளோ நகரின் மறுகோடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, இரவில் தொலைபேசி மணி அடித்தாலே பதறுகிறார்கள். மாடி எடுத்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் உண்டு. கம்பித் தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் அந்தக் காலத்து வீட்டின் மேல் மாடி எடுக்க எந்தப் பொறியாளரும் எளிதில் கையெழுத்துப் போடமாட்டார். போட்டாலும், மூட்டுவலிக்காரர்கள் ஏறமுடியாத படிக்கட்டுக்கு மேலே மகன் குடியிருப்பதால் பெரிய பயனில்லை. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் நிம்மதி என்பதைச் சட்டத்தில் எழுத முடியாது. ஆனால் சேலத்தில் யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள்.

2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறை நல்ல ஏற்பாடு. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கொண்டதாக, 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் இணையவழியில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், வரம்பு மனையின் அளவிலேயே தொடங்குகிறது. பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அந்த மனையின் பின்பக்கத்தில் 700 சதுர அடிக்கு ஒரு படுக்கையறை வீடு கட்ட நினைப்பவர், கட்டப்போவது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இந்த எளிய முறைக்கு வெளியே நிற்கிறார். அதே மனையை நடுவில் வெட்டி ஐந்து சென்ட்டாக்கினால், அதாவது 2,178 சதுர அடியாக்கினால், உள்ளே வந்துவிடுகிறார். அப்படி வெட்டுவதற்குத் தெருவரை தனிப்பாதை, உட்பிரிவு, தனிப் பட்டா என்று வேறு வேலைகள் இருக்கின்றன என்றாலும், “பின்பக்கத்தை உங்கள் பேருக்கு அப்பாவை எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்” என்ற யோசனை வரைபடம் போடும் இடத்திலேயே பிறந்துவிடுகிறது. பாகப்பிரிவினையை ஊக்குவிப்பது விதியின் நோக்கமாக இருந்திருக்காது. விளைவு என்னவோ அதுதான்.

குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குச் செலவும் அதிகமில்லை. முத்திரைத்தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என 2023 ஜூலையில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மனையின் மதிப்போடு பார்த்தால் அது ஒன்றுமில்லை என்பதால், ஒரே காலைப்பொழுதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் காரியம் முடிந்துவிடும். முடிந்த பிறகுதான் கணக்கே தொடங்கும். நிபந்தனையின்றி எழுதிக்கொடுத்து, பெற்றவர் ஏற்றுக்கொண்ட பத்திரத்தை எழுதியவர் தன் விருப்பத்துக்கு ரத்து செய்ய முடியாது. பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, பிள்ளைகள் அதைக் காப்பாற்றாவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனுக் கொடுக்க எத்தனை தாய்மார்கள் படியேறுவார்கள்? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. தந்தை சுயமாகச் சம்பாதித்த மனையை அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என்பதும் சட்டம்தான். இந்த இரண்டுக்கும் நடுவே, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி, வரைபட அனுமதிக்காகச் செய்த ஏற்பாட்டைத் தன்னை ஒதுக்கிவைத்த ஏற்பாடாக எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வங்கிக் கடன் உங்கள் கையில் இல்லாத விஷயம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மனை தந்தை பெயரில் இருந்தால் வங்கி அவரையும் கடனில் சேர்க்கச் சொல்லும். தவணை முடியும்போது அவர் வயது என்ன என்றும் கணக்குப் பார்க்கும். சிறிய வீடாக, கையிருப்பிலும் நகைக்கடனிலும் முடித்துக்கொள்ளும் அளவில் கட்டினால் இந்த நெருக்கடி குறையும்.

ஆகவே மாமன்றத்திடம் நான் வேண்டுவது இது. ஏற்கெனவே ஒரு வீடு உள்ள மனையில், நில உரிமையாளரின் பிள்ளைகளோ பெற்றோரோ குடியிருப்பதற்காக, 800 சதுர அடிக்கு மேற்படாத தரைத்தள வீடு ஒன்றைக் கட்டுவதானால், மனையின் மொத்த அளவைத் தடையாகக் கொள்ளாமல் சுயசான்று முறையிலேயே அனுமதி வழங்க வேண்டும். அந்த அனுமதி நில உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும். யார் செலவில் கட்டப்படுகிறது, பிற்காலத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்பதைக் குடும்பம் தன் உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளட்டும். இந்தச் சலுகையில் கட்டிய வீட்டைத் தனியே பிரித்து விற்கக் கூடாது என்ற நிபந்தனையை அனுமதியிலேயே சேர்த்துவிட்டால், மனை வணிகம் இதற்குள் நுழையாது. பெற்றோர் காலத்துக்குப் பின் வாடகைக்கு விட்டுவிடுவார்களே என்று சிலர் கேட்கலாம். விடட்டும், நகரத்துக்குச் சிறிய வாடகை வீடுகளும் தேவைதான்.

சலுகை கேட்கிறவன் என்பதாலேயே கட்டுப்பாடும் கேட்கிறேன். பின்பக்கம் வீடு எழும்பிய பிறகுதான் பக்கவாட்டுச் சந்தின் அருமை தெரியும். ஆழ்துளைக் கிணறு வற்றி வேறிடத்தில் போட வேண்டி வந்தால் ரிக் லாரி உள்ளே வர வழியிருக்காது. செப்டிக் டேங்க் எடுக்க வரும் வண்டி தெருவில் நின்று, குழாயை முன்வீட்டின் கூடம் வழியாக இழுக்கும் நிலை வரும். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாத மூலை ஒன்று எப்படியும் அமைந்துவிடும். பெற்றோர் பொருட்டுக் கட்டும் வீட்டுக்கு அந்த மூலை ஒன்றே போதும், கட்டிய நோக்கத்தைக் கெடுக்க. ஆம்புலன்ஸ் இல்லாவிட்டாலும் ஸ்ட்ரெச்சராவது தடையின்றிப் போய்வரும் அகலத்துக்குத் தெருவரை ஒரு பாதை திறந்தே இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் கட்டாயமாக்குங்கள்.

அடுத்தது தரைமட்டம். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் தெரு உயர்ந்துவிட்டது என்ற பயத்தில் பேஸ்மென்ட்டை இரண்டடி, மூன்றடி தூக்கிவிடுகிறார்கள். பின்வீடு மேடாகவும் முன்வீடு பள்ளமாகவும் ஆனால், பின்வீட்டு மொட்டைமாடியில் விழும் மழையெல்லாம் அம்மாவின் சமையலறை வாசலில் வந்து நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் திருமணிமுத்தாறு என்ன பாடுபடுத்தியது என்பதைக் கரையோரக் கோட்டங்களின் உறுப்பினர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அது இரண்டு குழாயும் ஒரு சிமென்ட் மூடியுமாகவே நிற்கிறது. இரண்டாவது வீட்டுக்கு அனுமதி தரும்போது, மீதமுள்ள திறந்த நிலத்தில் ஒரு பங்கை டைல்ஸோ கான்கிரீட்டோ போடாமல் மண்ணாகவே விட வேண்டும் என்றும், பழைய கிணறு இருந்தால் மூடாமல் இரு கூரைகளின் நீரையும் வடிகட்டி அதில் இறக்க வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். ஈசானிய மூலையில் பாரம் ஏற்றக்கூடாது என்ற வாஸ்து நம்பிக்கையால் இந்த ஊரில் தப்பிப் பிழைத்த கிணறுகள் உண்டு. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கையில்லை, அந்தக் கிணறுகள்மேல் நம்பிக்கை இருக்கிறது.

ஏற்காட்டை இதோடு சேர்த்துப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது உங்கள் எல்லைக்குள் வராது என்றாலும், சேலத்துக்கு ஒரு சலுகை கிடைத்தால் மலைக்கும் அதையே கேட்பவர்கள் உடனே கிளம்புவார்கள். மலையிட பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ள அந்தச் சரிவுகளில் பின்பக்கம் ஒரு வீடு என்றால் அதற்காக மண்ணை வெட்ட வேண்டும், தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். அதே புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. சமவெளியில் பத்து சென்ட்டுக்குப் பொருந்தும் விதி அங்கே பொருந்தாது.

மாநில அரசின் விடைக்குக் காத்திராமல் மாமன்றமே ஏற்பாடு செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. ஒரே மனையில் தனி அடுப்பும் தனி வாசலும் உள்ள இரண்டாவது வீட்டுக்கு, நிலம் பெற்றோர் பெயரிலேயே இருக்கும்போதும், அவர்களின் ஒப்புதல் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு தனி வரிவிதிப்பு எண்ணும் தனிக் குடிநீர் இணைப்பும் வழங்கும் நடைமுறையை எழுத்துபூர்வமாக அறிவித்து, நான்கு மண்டல அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டிவைத்தால் பலருக்கு உதவியாக இருக்கும். இந்தப் பொருளை நகரமைப்புக் குழுவின் பரிசீலனைக்கு வைத்து, அடுத்து வரும் மாமன்றக் கூட்டங்களில் ஒன்றில் விவாதிக்க வேண்டுகிறேன். குழு அழைத்தால், எங்கள் மனையின் புலப்படத்தையும் உத்தேச வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் வர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அழகாபுரத்தில் வீட்டுவரி செலுத்தும் ஒரு குடும்பத்தின் மகன்